சிஎஸ்ஆர் திரும்ப வருமா? கோராய்டைப் பார்க்கும் நான்கு ஸ்கேன்களில் எதை எப்போது எடுப்பது

ஒருவர் கையில் கோப்போடு ஸ்கேன் அறைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். இரவுப் பணி. இடது கண்ணில் விழித்திரைக்கு அடியில் நீர் கோர்த்து, மூன்றரை மாதத்தில் மருந்து எதுவும் இல்லாமலே வற்றிவிட்டது. கோப்பில் மூன்று ஓசிடி தாள்கள், அதாவது ஒளியை வைத்து விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஸ்கேனின் தாள்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பேனாவால் ஓர் எண்: 430, 465, 405. விழித்திரைக்கு அடியில் உள்ள கோராய்டு என்ற படலத்தின் தடிமன், மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). "கோராய்டு தடிமன் குறைஞ்சா மறுபடி வராதுன்னு சொல்றாங்க. இது ஏறி இறங்குதே சார், இதுல எது சரி?" என்று கேட்டார்.

மூன்றும் சரிதான். முதலாவது மாலை ஐந்து மணிக்கு எடுத்தது, இரண்டாவது காலை எட்டரைக்கு. மூன்றாவது வேறு ஊரில், வேறு மெஷினில். இந்த மூன்றை வைத்து அவர் கண் மோசமாகிறது என்றும் சொல்ல முடியாது, தேறுகிறது என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்த எண்களைப் பார்த்து மனிதர் இரண்டு மாதம் தூக்கம் கெட்டிருக்கிறார்.

நான் மருத்துவர் இல்லை. கண் ஸ்கேன் எடுப்பது என் வேலை. இப்படி விழித்திரைக்கு அடியில் நீர் கோர்க்கும் நோய்க்குத்தான் சிஎஸ்ஆர் என்று பெயர். அது வந்து தேறியவர்கள் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: திரும்ப வருமா என்று தெரிந்துகொள்ள எந்த ஸ்கேன் நல்லது? ஐசிஜி (சாய ஊசி போட்டுக் கண்ணின் ரத்தக் குழாய்களைப் படமெடுப்பது) எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா? ஊசி இல்லாத ஆஞ்சியோ வந்திருக்கிறதாமே, அது போதாதா? எந்த மெஷினால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று இங்கே எழுதி வைக்கிறேன். முடிவை உங்கள் விழித்திரை மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

## முதலில், நீர் எங்கிருந்து வருகிறது

திரும்பத் திரும்ப வருவது இந்த நோயின் கூடப் பிறந்த குணம். 1866-ல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிராஃபே இதை முதன்முதலில் விவரித்தபோதே 'மீண்டும் மீண்டும் வரும் மைய விழித்திரை அழற்சி' என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். அழற்சி என்றது தவறாகப் போயிற்று, மீண்டும் வரும் என்றது நிலைத்துவிட்டது. நூறு வருடம் கழித்து, 1967-ல், அமெரிக்காவின் டொனால்டு காஸ் கோளாறின் வேர் விழித்திரையில் இல்லை, அதற்குக் கீழே உள்ள கோராய்டில் இருக்கிறது என்று விளக்கினார்.

கோராய்டு என்பது விழித்திரைக்கு அடியில் விரித்த ரத்தக் குழாய்ப் பாய். அதன் அடித்தளத்தில் பெரிய குழாய்கள், நடுவில் நடுத்தரக் குழாய்கள், மேலே விழித்திரையை ஒட்டி நுண்குழாய் வலை. சிஎஸ்ஆர் உள்ள கண்களில் அடியிலுள்ள பெரிய குழாய்கள் வீங்கி, மேலே உள்ள வலையை நசுக்குகின்றன. கோராய்டு முழுக்க ஊறி, அழுத்தம் கூடுகிறது. அதற்கும் விழித்திரைக்கும் நடுவில் காவல் நிற்கும் நிறமிப் படலம் ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கிறது. நீர் மேலே வந்துவிடுகிறது.

சுவரில் ஓதம் அடிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் வந்ததும் சுவர் காய்ந்துவிடும், புதிதாகச் சுண்ணாம்பும் அடித்துவிடலாம். சுவருக்குள் ஓடும் குழாய் எப்படி இருக்கிறது என்பது வேறு கேள்வி. சாதாரண ஓசிடி சுவர் காய்ந்துவிட்டதா என்று சொல்லும். மீண்டும் வருமா என்று ஊகிக்க வேண்டுமானால் குழாயைப் பார்க்க வேண்டும். இதற்குத்தான் கோராய்டு ஸ்கேன்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஸ்கேன்களைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் படத்தின் தெளிவைப் பேசுவார்கள். எனக்கு அது கடைசி. நான் முதலில் கேட்பது, விடை தெரிந்தால் செய்வது ஏதாவது மாறுமா என்பது. 'ஆபத்து அதிகம்' என்று வந்தால் ஒன்றும், 'குறைவு' என்று வந்தால் வேறொன்றும் செய்யப் போகிறீர்களா? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்த ஸ்கேன் கோப்பைத்தான் கனமாக்கும்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நீர் வற்றிய கண்ணில் மறுபடி வராமல் தடுக்கும் என்று நிரூபணமான மாத்திரை இன்று இல்லை. எப்லெரெனோன் மாத்திரை மேல் பலருக்கு நம்பிக்கை இருந்தது. பிரிட்டனில் 114 பேரிடம் நடந்த விஐசிஐ என்ற ஆய்வு 2020-ல் வெளிவந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அது எந்த விதத்திலும் மேலில்லை என்று முடிந்தது. ஆக, கணிப்பு மாற்றக்கூடியவை கொஞ்சம்தான்: எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும், இந்த நோயைத் தூண்டக்கூடிய ஸ்டீராய்டை எப்படியாவது நிறுத்த முடியுமா, சிலருக்கு மட்டும் பிடிடி லேசர் (ஒளி பட்டால் வேலை செய்யும் மருந்தை ஏற்றி, கண்ணில் ஒளி அடிக்கும் வைத்தியம்) செய்யலாமா.

இரண்டாவது, பெரிய குழாய்கள் தெரிகின்றனவா. மூன்றாவது, அதே கண்ணை நாளைக்கு எடுத்தாலும் அதே விடை வருமா. நான்காவது செலவு. ரசீதில் உள்ள தொகை மட்டுமில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டால் அன்று வண்டி ஓட்ட முடியாது, அரை நாள் சம்பளம் போகும், கூட ஒருவர் வர வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்று. ஒரு கூட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு ஓர் ஆளுக்குப் பொருந்தாது. இயல்பான கண்களில் கோராய்டின் நடுத் தடிமன் சராசரியாக 287 மைக்ரான் என்று ஓர் ஆய்விலும், சிஎஸ்ஆர் கண்களில் 505 மைக்ரான் என்று இன்னோர் ஆய்விலும் வந்தது, இரண்டும் 2009. வித்தியாசம் மலையாகத் தெரிகிறது. ஆனால் இவை சராசரிகள். 450 மைக்ரானோடு வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். 350-ல் மூன்று முறை நீர் கோர்த்தவர்களும் இருக்கிறார்கள்.

## முதல் வழி: ஓசிடியில் கோராய்டின் தடிமன்

சாதாரண ஓசிடி விழித்திரைக்காகச் செய்யப்பட்டது. அதில் கோராய்டு மங்கலாகத்தான் தெரியும். 2008-ல் ரிச்சர்டு ஸ்பெய்டும் அவருடன் வேலை செய்தவர்களும் ஓர் எளிய உத்தியைச் சொன்னார்கள்: மெஷினைக் கண்ணுக்கு இன்னும் அருகே கொண்டுபோனால் படம் தலைகீழாகிவிடும், ஆனால் ஆழத்தில் உள்ள கோராய்டு தெளிவாகிவிடும். இதுதான் ஈடிஐ. இப்போது வரும் பெரும்பாலான மெஷின்களில் இதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறது, படத்தையும் அதுவே நிமிர்த்திக் கொடுத்துவிடும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தப் பட்டனை நாங்கள் அழுத்தினால்தான் உண்டு. வழக்கமான ஓசிடி தாளில் விழித்திரையின் தடிமன் வண்ணப் படமாக வரும். அதைக் கோராய்டு தடிமன் என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. கோராய்டின் அளவைப் பல மெஷின்களில் கையால்தான் எடுக்க வேண்டும். நிறமிப் படலத்தின் கீழ்க்கோட்டிலிருந்து, கோராய்டு முடிந்து வெள்ளை விழி தொடங்கும் எல்லை வரை ஒரு கோடு இழுப்போம். தடித்த கோராய்டில் அந்தக் கீழ் எல்லை புகைமூட்டமாக இருக்கும். நான் ஓரிடத்தில் வைப்பேன், பக்கத்து அறையில் இருப்பவர் இருபது மைக்ரான் தள்ளி வைப்பார்.

ஸ்வெப்ட் சோர்ஸ் ஓசிடி என்ற வகையில் இந்தத் தொல்லை குறைவு. அது 1050 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியைப் பயன்படுத்துகிறது. வழக்கமான மெஷின்களில் 840-ஐ ஒட்டி இருக்கும். நீண்ட அலை நிறமியைத் தாண்டி ஆழம் போகும். மெஷின் விலை அதிகம், அதனால் எல்லா ஊரிலும் இருக்காது. அது இல்லை என்பதற்காக ஊர் விட்டு ஊர் போக வேண்டாம் என்பேன்.

பகல் முழுக்க இந்தத் தடிமன் மாறிக்கொண்டே இருப்பது இன்னொரு சங்கதி. காலையில் தடித்தும், மாலையை நோக்கி மெலிந்தும் இருக்கும். ஆரோக்கியமான கண்களிலேயே ஒரே நாளுக்குள் சராசரியாக 30 மைக்ரானுக்குச் சற்று மேல் ஏறி இறங்குகிறது. வயது ஏற ஏறவும் மெலியும், கிட்டப்பார்வை அதிகமானவர்களுக்கு இயல்பிலேயே மெல்லியது. மைனஸ் ஆறு கண்ணாடி போட்டவருக்கு 350 என்பது தடிப்பு. இருபத்தைந்து வயதில், கண்ணாடி போடாதவருக்கு அதே 350 சாதாரணம். இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதிக் கொடுப்பது அரைகுறை வேலை. (நாங்களும் அவசரத்தில் அப்படிச் செய்ததுண்டு.)

மீள்வரவைப் பற்றி இது என்ன சொல்கிறது? திரும்பத் திரும்ப வந்தவர்களையும் ஒருமுறையோடு நின்றவர்களையும் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், தடித்த கோராய்டு ஒரு தனி ஆபத்துக் காரணியாக நின்றது. அதே பட்டியலில் ஷிஃப்ட் மாறி வேலை செய்வதும் இருந்தது. கோப்போடு வந்தவர் தடிமனைப் பற்றிப் பத்து கேள்வி கேட்டார், இரவுப் பணியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இந்த வழியின் பலம் வேறு ஒன்றில் இருக்கிறது. ஊசி இல்லை, ஐந்து நிமிடம், பல நேரம் சொட்டு மருந்துகூடத் தேவைப்படாது, நான்கில் விலை குறைந்ததும் இதுதான். எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். அதோடு, மீண்டும் நீர் கோர்க்கிறதா என்பதை, அது நடுப்பார்வைக்கு வெளியே இருந்து உங்களுக்கே தெரியாவிட்டாலும், அதே படத்தில் பார்த்துவிடலாம். கணிப்பில் சுமாராக இருந்தாலும் கண்டுபிடிப்பதில் கெட்டி.

## இரண்டாவது வழி: சிவிஐ என்னும் விகிதம்

தடிமன் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், அதைவிட நிலையான ஓர் எண் வேண்டும் என்று தேடினார்கள். கோராய்டு படத்தைக் கணினியில் கறுப்பு வெள்ளையாகப் பிரித்தால் ரத்தம் ஓடும் குழாய்கள் கறுப்பாகவும், இடையில் உள்ள சதை வெள்ளையாகவும் வரும். மொத்தப் பரப்பில் கறுப்பு எவ்வளவு என்பதே சிவிஐ. ஜப்பானில் 2014-ல் இந்தப் பிரிப்புமுறை வந்தது. சிங்கப்பூரில் ருபேஷ் அகர்வால் குழுவினர் 2016-ல் இதற்கு இன்றைய பெயரும் வடிவமும் கொடுத்தார்கள். ஆரோக்கியமான கண்களில் ஏறத்தாழ 65 சதவீதம். வயது, கண்ணின் நீளம் போன்றவற்றால் தடிமன் அளவுக்கு ஆடாது.

எண்ணம் நல்ல எண்ணம். வீங்கியது குழாயா, குழாயைச் சுற்றியுள்ள சதையா என்று தடிமன் சொல்லாது, இது சொல்லும். ஆனால் உங்கள் பணத்தை இதில் போடலாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். ஆரோக்கியமான கண்ணுக்கும் நோயுற்ற கண்ணுக்கும் உள்ள வித்தியாசம் சில சதவீதப் புள்ளிகள்தான். படத்தின் வெளிச்சம் கொஞ்சம் மாறினாலும், குழாய் எது சதை எது என்று கணினி பிரிக்கும் விதம் மாறினாலும் அதே அளவுக்கு எண் நகரும். ஒரே கண்ணை இரண்டு மென்பொருளில் போட்டால் இரண்டு விடை வரும். ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இது தங்கச் சுரங்கம். எக்ஸல் தாளில் நூறு பேரின் எண்களை வரிசைப்படுத்தும்போது ஒரு போக்கு தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு '67 சதவீதம், அதனால் உங்களுக்கு மறுபடி வரும்' என்று சொல்ல இன்னும் துணிவு வராது.

செயற்கை நுண்ணறிவு வைத்துக் கணிப்பதும் இதே நிலையில்தான் இருக்கிறது. ஒரு மருத்துவமனையின் படங்களில் பழகிய மென்பொருள் அதே மருத்துவமனையின் படங்களில் நன்றாக விடை சொல்கிறது. அடுத்த ஊரில், வேறு மெஷினில், வேறு மக்களிடம் அதே திறமை இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு சிக்கல்: எதை 'மீள்வரவு' என்று எண்ணுவது? ஒரு மாதம் காய்ந்திருந்து வந்தாலா, மூன்று மாதம் காய்ந்திருந்து வந்தாலா? ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வொரு விதமாக எண்ணியிருப்பதால் ஒன்றின் விடையை இன்னொன்றின் மேல் வைத்துப் பார்க்க முடிவதில்லை. மூன்றில் ஒருவருக்கு என்பதிலிருந்து இரண்டில் ஒருவருக்கு என்பது வரை விதவிதமான கணக்குகளை நீங்கள் படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

## மூன்றாவது வழி: ஐசிஜி ஆஞ்சியோ

குழாயை நேரில் பார்ப்பது இதுதான். கையில் ஊசி வழியாகப் பச்சை நிறச் சாயத்தை ஏற்றி, அரை மணி நேரம் விட்டு விட்டுப் படம் எடுப்போம். பலருக்குப் பழக்கமான மஞ்சள் சாய ஆஞ்சியோ, அதாவது எஃப்எஃப்ஏ, வேறு. மஞ்சள் சாயம் கோராய்டின் நுண்குழாய்களிலிருந்து உடனே ஒழுகி எல்லாவற்றையும் மூடிவிடும். நிறமிப் படலம் எந்த இடத்தில் விட்டுக்கொடுத்தது என்று காட்ட அது நல்லது, கீழே உள்ளதைக் காட்டாது. பச்சைச் சாயம் ரத்தத்தின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் குழாய்க்குள்ளேயே அதிக நேரம் நிற்கும். அகச்சிவப்பில் ஒளிர்வதால் நிறமியும் மறைக்காது. இந்தச் சாயம் முதலில் இதயத்தையும் ஈரலையும் சோதிக்கத்தான் வந்தது. 1959-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சாயம் ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, சிஎஸ்ஆர் கண்ணில் மங்கலான வெள்ளைத் திட்டுகள் எழும்பும். கோராய்டுக் குழாய்கள் ஊறிக் கசிகின்றன என்று பொருள். நீர் கோர்த்த இடத்தில் மட்டுமில்லை, வேறு இடங்களிலும், பல நேரம் இன்னொரு கண்ணிலும் அந்தத் திட்டுகள் தெரியும். அந்தக் கண்ணில் இதுவரை எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது. முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. 'ஒரு கண் நோய்' என்று நாம் பேசுவது பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் இருக்கிறது, ஒன்றில் வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அகலக் கோண ஐசிஜி வந்தபிறகு இன்னொன்றும் தெரிய வந்தது. கோராய்டின் ரத்தம் கண்ணின் ஓரங்களில் உள்ள நான்கைந்து சுழல் ரத்தக் குழாய்கள் வழியாக வெளியேறுகிறது. வாய்க்காலுக்கு வாய்க்கால் ஆயக்கட்டு இருப்பதுபோல ஒவ்வொன்றுக்கும் ஒரு பரப்பு, நடுவில் எல்லை. சிஎஸ்ஆர் கண்களில் இந்த எல்லையை உடைத்துக்கொண்டு ஒரு வடிகாலும் அடுத்த வடிகாலும் இணைந்திருப்பதை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கவனித்தார்கள். வெளியே போக வழி அடைபட்ட ரத்தம் பக்கத்து வாய்க்காலைத் தேடிக்கொள்கிறது என்பது இப்போதைய விளக்கம். நோய் எப்படி வருகிறது என்பதற்கு இது நல்ல வெளிச்சம். இணைப்பு இருப்பவருக்கெல்லாம் திரும்ப வரும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

இதன் செலவுகளைச் சொல்ல வேண்டும். சாயம் விலை கூடியது. கரைத்தபின் ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பதால், சில இடங்களில் ஐசிஜி நோயாளிகளை ஒரே நாளில் சேர்த்து வரச் சொல்வார்கள். உங்கள் வசதிக்கு நாள் கிடைக்காது. மஞ்சள் சாயத்தைவிடக் குமட்டல் குறைவு, கடும் ஒவ்வாமை மிக அரிது. ஆனால் சாயத்தில் அயோடைடு கலந்திருப்பதால் அயோடின் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஈரல் கோளாறு இருந்தாலும் சொல்லுங்கள், ஈரல்தான் இதை வெளியேற்றுகிறது. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகத் தவிர்த்துவிடுவோம்.

யாரும் ரசீதில் எழுதாத செலவும் ஒன்று உண்டு. இன்னொரு கண்ணிலும் திட்டு இருக்கிறது என்று தெரிந்தபின் அதற்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஆனால் தெரியாததாகவும் ஆக்க முடியாது. தூக்கம் கெடுவதும் மன அழுத்தமும் இந்த நோய்க்கு ஆகாதவை என்று சொல்லிக்கொண்டே அதைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம்.

பின் எதற்கு ஐசிஜி? லேசருக்காக. நீர் மூன்று நான்கு மாதமாகியும் வற்றவில்லை, அல்லது திரும்பத் திரும்ப வந்து பார்வையைத் தின்கிறது என்றால் பிடிடி பேச்சு வரும். நாள்பட்ட நோயில் அரை அளவு மருந்துடன் செய்யும் பிடிடியையும் மைக்ரோபல்ஸ் லேசரையும் (ஒளியைச் சிறு துடிப்புகளாக அடிப்பது) ஒப்பிட்ட பிளேஸ் ஆய்வில், ஏழெட்டு மாதத்தில் பிடிடி செய்தவர்களில் 67 சதவீதம் பேருக்கு நீர் முழுக்க வற்றியிருந்தது, மற்றவர்களில் 29 சதவீதம். பிடிடியின் ஒளியை எங்கே அடிப்பது என்பதற்கு ஐசிஜி படம்தான் வரைபடம். அதோடு, கசிவுத் திட்டு தெளிவாகத் தெரியாத கண்களில் பிடிடி அவ்வளவாக எடுபடவில்லை என்று 2010-ல் ஜப்பானில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதாவது, இந்த ஸ்கேனின் விடை அடுத்து செய்வதை மாற்றுகிறது. பிடிடிக்கான வெர்டிபோர்ஃபின் மருந்துக்கு 2021-ஐ ஒட்டி உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தது. ஐசிஜிக்கு நாள் குறிக்கும் முன் மருந்து கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

## நான்காவது வழி: ஓசிடி ஆஞ்சியோ

ஊசி இல்லாத ஆஞ்சியோ என்று பெயர் வாங்கிவிட்டது. அதனால் ஐசிஜிக்கு மாற்று என்று நினைக்கிறார்கள். மாற்று இல்லை. இது ரத்த அணுக்களின் அசைவைப் பார்க்கிறது. அசைவு தெரியும், கசிவு தெரியாது. மேல்வலையான நுண்குழாய்களை ஓரளவு காட்டும், குற்றவாளிகளான அடித்தளப் பெரிய குழாய்களைச் சரியாகக் காட்டாது. மேலே நீர் நின்றாலோ படலம் உப்பியிருந்தாலோ அதன் நிழல் விழுந்து, கீழே ரத்த ஓட்டமே இல்லாததுபோல் கறுப்பாகத் தெரியும். நுண்குழாய் வலையில் ஓட்டம் குறைந்த இடங்களை எண்ணி மீள்வரவைக் கணிக்கப் பார்க்கிறார்கள். அந்த நிழலைக் கழித்தபிறகு மிஞ்சுவது எவ்வளவு என்பதில்தான் எனக்குத் தயக்கம்.

ஒரு வேலையில் மட்டும் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பல வருடம் சிஎஸ்ஆர் இருந்த கண்ணில், நிறமிப் படலம் தட்டையாக, அலை அலையாக எழும்பியிருந்தால், அதற்கடியில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருக்கலாம். அப்போது 'மீண்டும் நீர்' என்று நாம் நினைப்பது சிஎஸ்ஆரின் மீள்வரவே இல்லை. வேறு நோய், வேறு வைத்தியம். கண்ணுக்குள் ஊசி போட வேண்டியிருக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு நீர் திரும்பினால் இந்த ஸ்கேனை நானே கேட்டு எடுக்கச் சொல்வேன்.

## ஒரே பார்வையில்

| வழி | எதைக் காட்டும் | திரும்ப எடுத்து ஒப்பிட | வெளியே தெரியாத செலவு | பொருத்தமான நேரம் |
|---|---|---|---|---|
| ஈடிஐ ஓசிடி | கோராய்டின் தடிமன், புதிய நீர் | முடியும். அதே மெஷின், அதே நேரம் என்றால் மட்டும் | எண் ஏறி இறங்குவதால் வரும் பயம் | நீர் வற்றியபின் தொடர்ந்து பார்க்க |
| சிவிஐ | குழாய்க்கும் சதைக்கும் உள்ள விகிதம் | ஒரே மென்பொருளில் ஓரளவு | முடிவெடுக்க உதவாத எண் | ஆராய்ச்சியில் |
| ஐசிஜி | பெரிய குழாய்கள், கசிவு | அடிக்கடி முடியாது | ஊசி, சாயம், அரை நாள், நல்ல கண்ணைப் பற்றிய கவலை | லேசர் யோசிக்கும்போது |
| ஓசிடி ஆஞ்சியோ | நுண்குழாய் ஓட்டம், புதிய குழாய்கள் | முடியும் | நிழலை நோயாக நினைத்துவிடுவது | நாள்பட்ட நோய், 50 வயதுக்கு மேல் |

## யாருக்கு எது

முதல்முறை வந்து தானாக வற்றியவர், நாற்பது வயதுக்குள்: ஈடிஐ ஓசிடி போதும். ஐசிஜியில் திட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்குச் சொல்லப்போவது ஒன்றுதான். சில மாத இடைவெளியில் வந்து பாருங்கள், நடுவில் வீட்டில் கவனியுங்கள் என்பார்கள்.

இரண்டு மூன்று முறை வந்தவர், அல்லது ஒரே கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்: ஐசிஜிக்குப் பணம் கொடுப்பது வீணில்லை. இங்கே விடை வைத்தியத்தைத் தொடும்.

சிறுநீரக மாற்று, லூபஸ் போன்ற காரணங்களால் ஸ்டீராய்டை விடவே முடியாதவர்: ஆபத்து அதிகம் என்று சொல்ல ஸ்கேன் தேவையில்லை, அது முன்பே தெரிந்ததுதான். ஓசிடியை நெருக்கமான இடைவெளியில் எடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்தாகலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கண் விவரத்தைச் சொல்லி அளவைப் பற்றிக் கேளுங்கள்.

கர்ப்ப காலத்தில் வந்தவர்: ஓசிடி மட்டும். பெரும்பாலும் பிரசவத்தோடு வடிந்துவிடும்.

ஸ்கேனே வேண்டாம் என்பதும் ஒரு வழிதான். தூரத்து ஊர்க்காரர்களுக்கு அதைத் தயங்காமல் சொல்கிறேன். காலையில் ஒரு கண்ணை மூடி, சுவரில் தொங்கும் மாதக் காலண்டரின் கட்டங்களைப் பாருங்கள். பிறகு அடுத்த கண். கோடு வளைகிறதா, நடுவில் மங்கல் வட்டம் இருக்கிறதா, ஒரு கண்ணில் எழுத்து சின்னதாகவோ நிறம் வெளிறியோ தெரிகிறதா? மாற்றம் இருந்தால் அந்த வாரமே போய் ஓசிடி எடுங்கள். நடுப்பார்வையைத் தொடும் மீள்வரவை இது பிடித்துவிடும். ஓரத்தில் வருவதைப் பிடிக்காது.

அப்புறம், கோராய்டு படத்தில் தெரியாத ஒன்றை நானே எல்லாரிடமும் கேட்பேன்: ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கிறீர்களா? 'இல்லை' என்றுதான் முதலில் சொல்வார்கள். முகம் வெளுக்கப் பூசும் கிரீம், மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, இன்ஹேலர், முட்டியில் போட்ட ஊசி, உடம்பு தேற யாரோ கொடுத்த பெயரில்லாத பொடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பத்தில் சிலருக்குத் தலை ஆடும். கோப்போடு வந்தவருக்கு ஆடியது. மூக்கடைப்புக்கு ஒரு ஸ்பிரே, வருடக் கணக்கில், கடையில் அவராக வாங்கியது. அதைத் தாளின் மேல் எழுதி மருத்துவரிடம் அனுப்பினேன். குறட்டை உண்டா என்றும் கேட்டேன்; தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு பேசப்படுகிறது. பக்கத்திலிருந்த அவர் மனைவி பதில் சொன்னார்.

## ஓசிடி எடுக்கப் போகும்போது

அறைக்குள் வந்ததும் 'ஈடிஐ முறையில் எடுத்து, கோராய்டு தடிமனும் போட்டுக் கொடுங்கள்' என்று கேளுங்கள். இரண்டு கண்ணுக்கும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே மணிக்குப் போங்கள், முடிந்தவரை அதே மெஷினுக்கு. தாளில் மணி அச்சாகாவிட்டால் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். 30 மைக்ரானுக்குள் மாறினால் அதைச் செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாளோடு நிற்காமல் மூலப் படங்களையும் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். அச்சில் வருவது நூறு வெட்டுகளில் ஒன்றோ இரண்டோதான். ஊர் மாறினால், அடுத்த மருத்துவர் பழைய கோட்டை நம்பத் தேவையில்லை, அவரே புதிதாக அளந்துகொள்வார்.